4 வேற்றுமையா, 15 வேற்றுமையா? தமிழர் அடுத்து எந்த மொழியைக் கற்கலாம்

தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் மூன்றாவதாக ஓர் அயல்மொழியைக் கற்க நினைத்தால், பிரெஞ்சு அல்லது ஸ்பானிஷ் பக்கம் சாய்வதுண்டு. மற்றவற்றைப் பற்றி விசாரித்தால் முதலில் காதில் விழுவது எண்ணிக்கைதான்: ஜெர்மனில் 4 வேற்றுமைகள், ரஷ்யனிலும் துருக்கிய மொழியிலும் 6, பின்னிஷில் 15. கேட்டதும் மனம் பின்வாங்குகிறது. இந்த எண்ணிக்கையைச் சொல்லி எச்சரிக்கும் பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் உடைமையைக் காட்டும் ஒரு விகுதியைத் தவிர வேற்றுமையின் தடமே இல்லை. பிரதிப்பெயர்களில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆகவே அவர்களுடைய அச்சம் நியாயமானது. நமக்கு அது இரவல் அச்சம். பள்ளியில் 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று ஒப்பித்தவர்கள் நாம். ஒப்பிக்காதவர்கூட நாள் முழுவதும் அவற்றைப் பிழையின்றிப் பயன்படுத்துகிறார்.

வேற்றுமை உருபுகள் உயிரோடு இருக்கும் மொழி ஒன்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளை ஒதுக்க முடியும், எதைத் தேர்வது என்றுதான் தெரியவில்லை என்பவருக்காக இதை எழுதுகிறேன். ஜெர்மன், ரஷ்யன், துருக்கியம், பின்னிஷ் ஆகிய நான்கையும் தமிழின் கண்ணாலேயே பார்க்கப் போகிறேன். சமஸ்கிருதம், இந்தி, ஜப்பானியம் பற்றியும் கடைசியில் சில வார்த்தைகள் உண்டு.

எண்ணிக்கை எதையும் சொல்வதில்லை

தொல்காப்பியர் வேற்றுமை ஏழு என்கிறார். விளியையும் சேர்த்தால் எட்டு என்கிறார். அந்த எட்டில்கூட மூன்றாம் வேற்றுமைக்கு அவர் 'ஒடு' என்ற உருபைச் சொல்ல, நன்னூலார் 'ஆல்' என்கிறார். தமிழிலுள்ள இடைச்சொற்களையும் பின்னொட்டுகளையும் பார்த்தால் வேற்றுமைகளை எத்தனை வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளலாம், எட்டு என்பது சமஸ்கிருத மரபையொட்டி வந்த கணக்கு என்று கால்டுவெல் வாதிட்டார். அந்த வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. வீட்டிலிருந்து, அப்பாவிடம், அப்பாவிடமிருந்து, நண்பனுடன், பிள்ளைக்காக, ஆசிரியராக என்பவற்றுக்குத் தனித்தனிப் பெயர் கொடுத்து எண்ணினால் தமிழும் பத்தைத் தாண்டிவிடும். பின்னிஷின் 15 அப்படி எண்ணியதால் வந்தது. நம் 'ஆக'வுக்கு நிகரான உருபுக்கும், 'இல்லாமல்' என்பதற்கு நிகரான உருபுக்கும் அங்கே தனி வேற்றுமைப் பெயர் இருக்கிறது.

எனவே எத்தனை என்று கேட்பதை விட்டுவிட்டு வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். உருபு பெயரின் கடைசியில் ஒட்டுகிறதா, அல்லது வேறு எங்காவது போய் உட்காருகிறதா? ஓர் உருபு ஒரே வேலையைச் செய்கிறதா, அல்லது பால், எண், வேற்றுமை மூன்றும் ஒன்றாகக் குழைந்து பிரிக்க முடியாமல் நிற்கிறதா? பெயருக்கு முன்னால் வரும் பெயரடையும் சேர்ந்து மாறுகிறதா? இவற்றுக்கெல்லாம் மேலாக, எந்த வினை எந்த வேற்றுமையைக் கேட்கிறது? தமிழில் முதல் மூன்றுக்கும் விடை எளிது. 'பெரிய வீட்டிலிருந்து', 'பெரிய வீடுகளிலிருந்து': 'பெரிய' அசைவதில்லை, 'கள்' தனி, 'இலிருந்து' தனி. நான்காவது கேள்விதான் எந்த மொழியிலும் நெடுநாள் உழைப்பைக் கேட்பது.

ஜெர்மன்: உருபு பெயரில் இல்லை

ஜெர்மனின் நான்கு வேற்றுமைகளும் நமக்குத் தெரிந்தவைதான்: எழுவாய், செயப்படுபொருள், 'கு', உடைமை. சிக்கல் அவை இருக்கும் இடத்தில். பெயர்ச்சொல் பெரும்பாலும் அசையாமல் நிற்க, அதற்கு முன்னால் வரும் சுட்டு மாறுகிறது. நாய் மனிதனைக் கடிக்கிறது என்பதை 'டேர் ஹுண்ட் பைஸ்ட் டேன் மான்' என்கிறார்கள். 'டேன் மான்' என்பதை முன்னால் கொண்டுவந்து 'டேன் மான் பைஸ்ட் டேர் ஹுண்ட்' என்றாலும் கடித்தது நாய்தான். 'மனிதனை நாய் கடித்தது' என்று மாற்றிச் சொல்லிப் பழகிய நமக்கு இந்தச் சுதந்திரம் புதிதல்ல. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இங்கே திகைப்பார்.

ஆனால் அந்தச் சுட்டின் அட்டவணையைப் பாருங்கள். ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால், பன்மை என்று நான்கு நிரல்கள், நான்கு வேற்றுமைகள், ஆக 16 கட்டங்கள். அவற்றை நிரப்ப டேர், டீ, டஸ், டேன், டேம், டெஸ் என ஆறு வடிவங்கள்தான் இருக்கின்றன. 'டேர்' என்பது ஆண்பால் எழுவாயாகவும் வரும், பெண்பாலில் 'கு' வேற்றுமையாகவும் உடைமையாகவும் வரும், பன்மையில் உடைமையாகவும் வரும். காதில் 'டேர்' விழுந்ததும் எந்தக் கட்டம் என்று முடிவு செய்ய, பெயரின் பால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாலோ பொருளைப் பார்த்து வருவதில்லை. கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால். உயர்திணை, அஃறிணை என்று அறிவை அடிப்படையாகக் கொண்டு பிரித்துப் பழகிய மனத்துக்கு இதில் பிடிமானம் எதுவும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் அதன் சுட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

இதன் மேல் பெயரடைகளும் மாறுகின்றன. முன்னால் 'அந்த' வந்தால் ஒரு விதம், 'ஒரு' வந்தால் இன்னொரு விதம். ஜெர்மன் கற்பவர்கள் நடுவழியில் சோர்வது இங்கேதான். பேசும்போது ஓரிரு விகுதிகள் தவறினாலும் புரிந்துகொள்வார்கள் என்பது உண்மை. தேர்வில் அந்தச் சலுகை கிடைக்காது.

அப்படியானால் தமிழருக்கு இங்கே ஆதாயமே இல்லையா? இருக்கிறது, அதுவும் பாடநூல்கள் சொல்லாத இடத்தில். எந்த வினை 'கு' வேற்றுமையைக் கேட்கும் என்பது ஜெர்மனில் தனிப் பாடம். நீண்ட பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அந்தப் பட்டியலைத் தமிழில் படித்துப் பாருங்கள். உனக்கு உதவுகிறேன், அவருக்குப் பதில் சொன்னேன், உனக்கு நன்றி சொல்கிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது, இது எனக்குச் சொந்தம். இவை எல்லாவற்றுக்கும் ஜெர்மனிலும் 'கு' வேற்றுமையே. 'மீர் இஸ்ட் கால்ட்' என்பது 'எனக்குக் குளிர்கிறது'. 'மீர் டூட் டேர் கோப்ஃப் வே' என்பது சொல்லுக்குச் சொல் 'எனக்குத் தலை வலிக்கிறது'. ஆங்கிலத்தின் வழியாக இதைக் கற்பவர் 'நான் குளிராக இருக்கிறேன்' என்ற அமைப்பிலிருந்து இங்கே வந்து சேர வேண்டும். நாம் ஏற்கெனவே இங்கே நின்றுகொண்டிருக்கிறோம். எல்லா வினையும் இப்படிப் பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனில் 'அவருக்கு' நம்புவார்கள், 'அவருக்கு'ப் பின்தொடர்வார்கள். நமக்கு இரண்டிலும் 'அவரை'. 'அவரிடம் கேட்டேன்' என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்களுக்கு 'அவரைக் கேட்டேன்'. விலகும் வினைகளை மட்டும் தனியே குறித்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றும் எளிதாக வரும். இடத்தைக் காட்டும் முன்னிடைச்சொற்களில் ஒன்பது, இரண்டு வேற்றுமைகளையும் ஏற்கும்: பூங்காவுக்குள் போகிறேன் என்றால் செயப்படுபொருள் வேற்றுமை, பூங்காவில் இருக்கிறேன் என்றால் 'கு' வேற்றுமை. போகும் இடமா, இருக்கும் இடமா என்ற பாகுபாடு தமிழ்க் காதுக்கு இயல்பானது. எந்தப் பாகுபாட்டுக்கு எந்த வடிவம் என்பதை மட்டும் கற்க வேண்டும்.

ரஷ்யன்: நம் சிந்தனை, வேறு வடிவம்

ரஷ்யனைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் ஆயாசமும் சேர்ந்தே வருகின்றன. வாக்கியத்தின் கட்டமைப்பில் அது தமிழுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 'அவர் மருத்துவர்' என்பதை ரஷ்யனிலும் இரண்டே சொற்களில் 'ஒன் வ்ராச்' என்று முடித்துவிடலாம். இடையில் 'இருக்கிறார்' வேண்டாம். 'ஒரு', 'அந்த' என்ற சுட்டுகளின் தொல்லை கிடையாது. எனக்குக் குளிர்கிறது, எனக்குப் பிடிக்கிறது, எனக்கு வேண்டும் எல்லாவற்றிலும் 'ம்னே', அதாவது 'எனக்கு'. வயதைச் சொல்லும்போதும் 'எனக்கு 20 வயது' என்றே சொல்கிறார்கள். பேனாவால் எழுதுவதற்குக் கருவி வேற்றுமை இருக்கிறது. முன்னிடைச்சொல் எதுவும் இல்லாமல், நம் 'ஆல்' போலவே சொல்லின் கடைசியிலேயே ஒட்டிக்கொள்கிறது.

செயப்படுபொருளில் இன்னும் நுட்பமான ஒற்றுமை ஒன்று உண்டு. ரஷ்யனில் ஆண்பால் பெயர் உயிரற்றதாக இருந்தால் செயப்படுபொருளிலும் எழுவாய் வடிவமே நிற்கும். உயிருள்ளதாக இருந்தால் மாறும். மேசை பார்க்கிறேன், ஆனால் அண்ணனைப் பார்க்கிறேன். தமிழிலும் 'மேசை வாங்கினேன்' என்று உருபில்லாமல் சொல்லலாம். 'அண்ணன் பார்த்தேன்' என்று சொல்ல முடியாது. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரு மொழிகள் உயிருள்ளதை உருபால் காப்பாற்றுகின்றன. செய்பவரும் செய்யப்படுபவரும் குழம்பிவிடக் கூடாது என்ற தேவை இரண்டுக்கும் பொது.

இவ்வளவு அருகில் வந்தும் கற்பது ஏன் கடினம்? குழைவுதான் காரணம். புத்தகம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் க்னீக, க்னீகி, க்னீக்யே, க்னீகு, க்னீகய் என்று போகிறது. கடைசி ஓர் உயிரொலிக்குள் பெண்பால், ஒருமை, வேற்றுமை மூன்றும் அடங்கிவிடுகின்றன. பன்மையின் பெரும்பாலான வடிவங்களுக்கு இதிலிருந்து எதையும் எடுத்துப் பயன்படுத்த முடியாது. வேறு விகுதிகளைக் கற்க வேண்டும். ஆண்பாலுக்கு இன்னொரு வரிசை, பெயரடைகளுக்கு மற்றொரு வரிசை. சொல்லின் அழுத்தமும் சில பெயர்களில் வேற்றுமைக்கு வேற்றுமை இடம் மாறுகிறது. அழுத்தம் விலகினால் உயிரொலியே மங்கிவிடுவதால், எழுத்தில் தெளிவாக இருக்கும் உருபு காதில் தெளிவாக விழுவதில்லை.

எண்களோடு சேரும்போது ரஷ்யன் உண்மையிலேயே கடுமையாகிறது. ஒன்றுக்கு எழுவாய் வடிவம். இரண்டு, மூன்று, நான்குக்கு ஒருமை உடைமை வேற்றுமை. ஐந்து முதல் பன்மை உடைமை வேற்றுமை. 21 வந்ததும் மறுபடியும் ஒன்றைப் போல எழுவாய் ஒருமை. எண்ணுப்பெயர்களும் வேற்றுமை ஏற்கின்றன. கடைக்குப் போய் ஐந்து ரொட்டி வாங்குவதற்கே இலக்கணம் தேவைப்படும் மொழி இது. ரஷ்யாவில் மருத்துவம் படிக்கச் செல்லும் நம் மாணவர்கள் பாடத்தை ஆங்கிலத்தில் கற்றாலும், மருத்துவமனையில் நோயாளியின் படுக்கையருகே நின்றதும் ரஷ்யன் வேண்டும். அவர்களுக்கு இது விருப்பப் பாடம் அல்ல. புறப்படுவதற்கு முன்பே ஓராண்டு தொடங்கிவிடுவது நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். அப்படி ஒரு தேவையோ, ரஷ்ய இலக்கியத்தை மூலத்தில் படிக்கும் தீராத ஆசையோ இல்லாதவர் முதல் தேர்வாக இதை எடுக்க வேண்டாம்.

துருக்கியம்: கைக்கு எட்டும் தூரத்தில்

வீடு என்பதற்கு 'எவ்'. வீட்டை: எவி. வீட்டுக்கு: எவெ. வீட்டில்: எவ்தெ. வீட்டிலிருந்து: எவ்தென். வீட்டின்: எவின். பன்மைக்கு இடையில் 'லெர்' சேர்த்தால் போதும்: எவ்லெர்தென், வீடுகளிலிருந்து. உருபு எதுவும் மாறவில்லை. பால் இல்லை. பெயரடை அசைவதில்லை. முன்னிடைச்சொற்களும் இல்லை. ('எவின்', 'வீட்டின்' ஒலி ஒத்திருப்பதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம்; அது தற்செயல்.)

வாக்கியத்துக்கு வருவோம். 'பென் த்யூன் பஸார்தன் எல்மா அல்தம்.' நான் நேற்றுச் சந்தையிலிருந்து ஆப்பிள் வாங்கினேன். ஐந்து சொற்களும் அதே வரிசையில் நிற்கின்றன. வினையின் கடைசியில் 'ஏன்' வரும் இடத்தில் அங்கே 'ம்'. 'நான்' என்பதை விட்டுவிட்டாலும் வினை சொல்லிவிடும், தமிழைப் போலவே. ஆங்கில வழியில் வருபவருக்கு இந்த வாக்கியம் தலைகீழாகத் தெரியும். நமக்குப் புரட்டிப் போட ஒன்றுமே இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது, செயப்படுபொருள் உருபு வருமா வராதா என்பதில் இரண்டு மொழிகளும் ஒத்துப்போவது. 'எல்மா அல்தம்' என்றால் ஆப்பிள் வாங்கினேன்; எந்த ஆப்பிள் என்பது பேச்சில் இல்லை. 'எல்மாயி அல்தம்' என்றால் ஆப்பிளை வாங்கினேன். முன்பே பேசிய ஆப்பிள். துருக்கியப் பாடநூல்கள் இதை விளக்கப் பக்கம் பக்கமாகச் செலவழிக்கின்றன. தமிழருக்கு ஒரு வரி போதும்: 'ஐ' போடும் இடத்தில் போடுங்கள். ஒரே ஒரு விலகலை மட்டும் கவனிக்க வேண்டும். 'டாக்டரைத் தேடுகிறேன்' என்று மனிதருக்கு எப்போதும் 'ஐ' போடுகிறோம். துருக்கியத்தில் யாராவது ஒரு டாக்டர் என்றால் உருபு தேவையில்லை. ரஷ்யன் உயிருள்ளதா என்று பார்த்துச் சொல்லை மாற்றுகிறது, துருக்கியம் குறிப்பானதா என்று பார்த்து உருபு சேர்க்கிறது; தமிழின் 'ஐ' இந்த இரண்டு கணக்கையும் ஒருசேரப் பார்க்கிறது. இரண்டு அயல்மொழிகளையும் பக்கத்தில் வைக்காமல் நம் 'ஐ' செய்யும் வேலை நமக்கே தெரியாது.

புணர்ச்சியும் பழக்கமானதே. 'எல்மா'வோடு 'இ' சேரும்போது இடையில் 'ய்' வருவதைப் பார்த்தீர்கள். மழை, ஐ சேர்ந்து மழையை ஆவது போன்ற உடம்படுமெய்தான். 'அவருடைய வீட்டில்' என்று சொல்லும்போது 'எவின்தெ' என்று இடையில் ஒரு 'ன்' நுழைகிறது. மரத்தை, அவற்றை என்பவற்றில் சாரியை நுழைவதை அறிந்தவருக்கு இது ஆச்சரியமில்லை. கருவிக்கும் துணைக்கும் ஒரே ஒட்டு: பேனாவால், நண்பனோடு இரண்டுக்கும் 'லெ' அல்லது 'லா'. தொல்காப்பியரின் 'ஒடு' இந்த இரண்டையும் தாங்கியது நினைவிருக்கலாம்.

உழைப்பு வேறு இடங்களில் தேவைப்படும். சொல்லின் உயிரொலிக்கு ஏற்ப உருபின் உயிரொலி மாறும். 'எவ்தென்' ஆனால் 'பஸார்தன்'. சில வாரப் பயிற்சியில் நாக்கு பழகிவிடும். 'வீட்டின் கதவு' என்று சொல்ல, கதவுக்கும் 'அதனுடைய' என்ற ஒட்டு வேண்டும். சில வினைகள் வேறு வேற்றுமையைக் கேட்கும்: அவர்கள் பஸ்ஸுக்கு ஏறுவார்கள், ஆசிரியருக்குக் கேட்பார்கள், உனக்குப் பார்ப்பார்கள், நாயிலிருந்து பயப்படுவார்கள். எழுத்தைப் பற்றிக் கவலையே இல்லை. 1928 முதல் லத்தீன் எழுத்து, எழுதியபடியே வாசிக்கலாம். துருக்கியத்தைக் கற்றவருக்கு அசர்பைஜானி, உஸ்பெக், கசாக் மொழிகளின் வேற்றுமைகளும் பாதி தெரிந்தவையாகிவிடும். பிழைப்புக்கான வாய்ப்பு ஜெர்மனைவிடக் குறைவு என்பதை மறைக்கப் போவதில்லை.

பின்னிஷ்: பெயரளவில் அச்சம்

பின்னிஷின் 15 வேற்றுமைகளில் அன்றாடம் உழைப்பவை பத்துப் பன்னிரண்டு. அவற்றில் ஆறு, இடத்தைப் பற்றியவை. வீடு என்பதற்குத் 'தலொ'. வீட்டில்: தலொஸ்ஸ. வீட்டிலிருந்து: தலொஸ்த. வீட்டுக்குள்: தலோன். இன்னொரு மூன்று 'ல்ல', 'ல்த', 'ல்லெ' என்று முடியும். மேலே, அருகே, ஒருவரிடம் என்ற பொருள்களைத் தரும். அப்பாவிடமிருந்து என்று சொல்ல இந்த இரண்டாம் வரிசைதான் வரும். இங்கே தமிழர் நிமிர்ந்து உட்காரலாம். நாமும் 'வீட்டிலிருந்து' என்கிறோம். ஆனால் 'அப்பாவிலிருந்து' என்று சொல்வதில்லை, 'அப்பாவிடமிருந்து' என்கிறோம். உள்ளிடத்துக்கு ஒரு வரிசை, ஆளுக்கு ஒரு வரிசை என்ற பிரிவு நமக்குப் பிறவியிலேயே வந்தது. 'மினுல்ல ஒன் ரஹா' என்றால் 'என்னிடம் பணம் இருக்கிறது'. 'வைத்திருக்கிறேன்' என்ற வினையைத் தேடி அலைய வேண்டாம்.

ஒலியும் நமக்குச் சாதகம். துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். ஆங்கிலக் காது இந்த மூன்றையும் பிரிக்கத் திணறும். படம், பாடம், பட்டம் என்று வளர்ந்தவருக்கு இது பாடமே அல்ல.

உண்மையான கடினம் ஒரே ஒரு வேற்றுமையில் குவிந்திருக்கிறது: பகுதி வேற்றுமை. 'லுயின் கிர்யன்' என்றால் புத்தகத்தைப் படித்து முடித்தேன்; 'லுயின் கிர்யா' என்றால் படித்துக்கொண்டிருந்தேன், முடித்ததாகச் சொல்லவில்லை. கரடியைச் சுட்டு வீழ்த்தினால் ஓர் உருபு. கரடியை நோக்கிச் சுட்டால், அது செத்ததா பிழைத்ததா என்பது சொல்லப்படாவிட்டால், வேறோர் உருபு. 'படித்துவிட்டேன்', 'படித்துக்கொண்டிருந்தேன்' என்று தமிழ் வினையில் துணைவினை போட்டுச் சொல்லும் வேறுபாட்டைப் பின்னிஷ் பெயரின் வாலில் வைக்கிறது. எதிர்மறை வாக்கியத்தில் செயப்படுபொருள் எப்போதும் பகுதி வேற்றுமைதான். ரஷ்யனிலும் 'ரொட்டி இல்லை' என்றால் ரொட்டி உடைமை வேற்றுமைக்குப் போய்விடும். இல்லாத பொருளுக்குத் தனி வடிவம் கொடுப்பதில் பக்கத்து நாடுகள் இரண்டும் ஒத்துப்போகின்றன.

பெயரடையும் மாறும், 'இஸொஸ்ஸ தலொஸ்ஸ' என்று, பெரியதில் வீட்டில் என்பது போல. ஆனால் இரண்டுக்கும் ஒரே ஒட்டு என்பதால் ஜெர்மனின் பெயரடைப் பாடத்தைவிட இது பல மடங்கு இலகு. சொல்லின் நடுவிலுள்ள மெய் மாறுவது இன்னொரு தடை: கடை என்ற 'கவுப்ப', கடையில் என்னும்போது 'கவுபஸ்ஸ' ஆகிறது. வீடு வீட்டில் ஆகவும் ஆறு ஆற்றில் ஆகவும் நாம் இரட்டிப்பது போலவே அவர்கள் ஒற்றையாக்குகிறார்கள். திசை எதிர், ஆனால் உருபு சேரும்போது நடுமெய் அசையும் என்ற உணர்வு நம்மிடம் இருக்கிறது. எழுத்து மொழிக்கும் பேச்சு மொழிக்கும் இடையே இடைவெளி உண்டு. அதுவும் நமக்குத் தெரிந்த வாழ்க்கைதான். சுமார் 56 லட்சம் பேர் வாழும் நாட்டின் மொழி, சொற்கள் ஐரோப்பாவின் பிற மொழிகளை அதிகம் ஒத்திருப்பதில்லை, நம் ஊர்களில் ஆசிரியர் கிடைப்பது அரிது: தயங்க வேண்டிய காரணங்கள் இவை. 15 என்ற எண் அல்ல.

மற்றவை

சமஸ்கிருதத்தில் எட்டு வேற்றுமை, ஒருமை, இருமை, பன்மை என்று ஒரு பெயருக்கு 24 கட்டங்கள். சொல்லின் ஈற்றெழுத்துக்கும் பாலுக்கும் ஏற்ப அட்டவணை மாறும். வேற்றுமைகளின் வரிசை நம் இலக்கண வரிசையே என்பதால் பெயர்கள் பழகியவை. வாசிக்கவும் ஆராயவும் விரும்புவோருக்கு ஈடில்லாத மொழி. நாலு பேரோடு பேசிப் பழகி வளர்த்துக்கொள்ள ஏற்றதல்ல. இந்தியில் உருபுகள் குறைவு, ஆனால் 'நே' என்ற ஒன்று நமக்கு முற்றிலும் புதிது. பையன் ரொட்டி சாப்பிட்டான் என்பதில் இறந்தகால வினை பையனோடு ஒட்டாமல், ரொட்டியின் பெண்பாலோடு ஒட்டும். அதற்கு இணையான அமைப்பு தமிழில் இல்லை. பழக்கத்தால் மட்டுமே வரும். ஜப்பானியத்தில் ஒட்டுகளும் வாக்கிய வரிசையும் துருக்கியம் அளவுக்கே நமக்கு எளிது. வேற்றுமைக்காக மட்டும் என்றால் அதையும் முதலிடத்துக்குப் பரிந்துரைப்பேன். ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலிலேயே 'கஞ்சி' எனப்படும் சீன வழிவந்த எழுத்துகள் 2,136 இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை எழுத்தே எடுத்துக்கொள்ளும்.

எதைத் தேர்வது

வேலை, மேற்படிப்பு என்று ஜெர்மனியை நோக்கிய திட்டம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஜெர்மன்தான். இந்தியாவும் ஜெர்மனியும் 2022 டிசம்பரில் குடிபெயர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனில் முறையாகக் கற்கலாம். கட்டங்களைப் பார்த்துச் சோர்ந்துபோகாமல், வினைகளுக்கு வேற்றுமை எழுதும் குறிப்பேட்டை மட்டும் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்யனுக்கு மூன்று ஆண்டுகளும், அதற்கான திடமான காரணமும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தால் வேறு மொழிக்குப் போவது நல்லது.

எந்தக் கட்டாயமும் இல்லாமல், வேற்றுமை உருபுகளோடு வாழும் ஒரு மொழியை அதன் சுவைக்காகக் கற்க விரும்புவோருக்கு என் முதல் வாக்கு துருக்கியத்துக்கு. ஆறே மாதத்தில் வாக்கியங்கள் வாயில் வரத் தொடங்கும். அந்த ஊக்கம் மிச்ச தூரத்துக்குத் துணை நிற்கும். இலக்கணமே பிடித்தவர், தனியாக உட்கார்ந்து கற்கப் பொறுமையுள்ளவர் பின்னிஷை எடுக்கலாம். தமிழருக்கு அதன் 15, ஜெர்மனின் 4-ஐவிட எளிது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கட்டணம் செலுத்துவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். எனக்குத் தலை வலிக்கிறது, அப்பாவிடமிருந்து பணம் வாங்கினேன், பேனாவால் எழுதினேன், நண்பனோடு போனேன், பழம் சாப்பிட்டேன், பழத்தைச் சாப்பிட்டேன், வீட்டில் ரொட்டி இல்லை, ஐந்து பெரிய வீடுகளிலிருந்து வந்தார்கள். இந்த எட்டு வாக்கியங்களையும் நீங்கள் யோசிக்கும் மொழியில் எழுதித் தரும்படி ஓர் ஆசிரியரைக் கேளுங்கள். சொல்லுக்குச் சொல் தமிழை எதிரில் எழுதி, எந்த ஒட்டு எதற்கு நிற்கிறது என்று கோடிட்டுப் பாருங்கள். ஐந்தாவதும் ஆறாவதும் வாக்கியங்கள் வேறுபடுகின்றனவா, வேறுபட்டால் எந்த இடத்தில் என்பதை முதலில் பாருங்கள். அடுத்துக் கடைசி வாக்கியத்தில் எத்தனை சொற்கள் வடிவம் மாறியிருக்கின்றன என்று எண்ணுங்கள்.